வீட்டிலேயே படிக்கவைக்கும் உரிமை: பாதி பிறந்த கதை

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளைகளை எந்தெந்த வேலையில் வைக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல். சட்டம் வந்தபோது இருந்த வடிவத்தில் அதன் இரண்டாம் பகுதி பீடி சுற்றுவதில் தொடங்கியது. ஐந்தாவதாகத் தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தன. ஒன்பதாவது, தோல் பதனிடுதல். வேலூரிலிருந்து கிளம்பிக் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒரு சுற்றுப் போய்வருகிறவர் இந்த மூன்று தொழிலையும் வழியிலேயே பார்த்துவிடுவார். தில்லியில் எழுதிய பட்டியல்தான். ஆனால் பாலாற்றங்கரையின் பிழைப்பு அதில் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், தடையைச் சொன்ன கையோடு ஒரு விலக்கையும் சேர்த்திருந்தார்கள். குடும்பத்தாரின் துணையோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. கம்பெனிக் கூடத்தில் உட்கார்ந்து பீடி முனையை மடித்து மூடினால் அந்தப் பெண் குழந்தைத் தொழிலாளி. அதே இலையையும் தூளையும் அம்மா வாங்கிவந்து திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்தால், அவள் வீட்டுக்கு ஒத்தாசை செய்யும் பிள்ளை. பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் “வீட்டில்தான் இருக்கிறாள்” என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அவள் வீட்டில்தான் இருந்தாள்.

பெற்றோர் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்வியை இன்று கேட்கிறவர்கள் வேறு மாதிரிக் குடும்பத்தார். மதிப்பெண் துரத்தல் பிடிக்காதவர்கள், பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளான பிள்ளையின் பெற்றோர், நீச்சலிலோ சதுரங்கத்திலோ இசையிலோ பிள்ளையை முழுநேரமாக ஈடுபடுத்த நினைப்பவர்கள். பெரிய மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கும் வேலூரில் இப்படி யோசிக்கிற வீடுகள் இருப்பதில் வியப்பில்லை. அவர்களுக்கு நாடு முழுவதற்குமான கல்வி உரிமைச் சட்டம் நேரான பதில் எதையும் வைத்திருக்கவில்லை. ‘கூடும்’ என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை. மீறினால் தண்டனை என்றும் எந்தப் பிரிவும் சொல்வதில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலை எப்படி வந்தது என்று தேடிப் போனால், வழி இந்தத் தோல் தொழில் ஊர்களின் வழியாகவே போகிறது.

நமக்கு வந்துசேர்ந்த சட்ட மரபில் இந்த உரிமையின் வேர் இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தலாம் என்று ஊர்ப் பள்ளிக் குழுக்களுக்கு அதிகாரம் கொடுத்த அந்தச் சட்டம், அனுப்பாததற்கு மூன்று காரணங்களை ஏற்றுக்கொண்டது. பிள்ளை வேறு வழியில் திறம்படக் கற்றுக்கொண்டிருக்கலாம். நோயோ தவிர்க்க முடியாத இடையூறோ இருக்கலாம். மூன்று மைல் தூரத்துக்குள் பள்ளி இல்லாமல் போகலாம். முதல் காரணம், வீட்டில் ஆசிரியை வைத்துக்கொள்ள வசதி உள்ள குடும்பங்களுக்குப் பொருந்தியது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அது விதிக்குள்ளேயே இடம்பிடித்தது. பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வதுதான் பெற்றோரின் கடமை. அதைப் பள்ளி வழியாகவும் செய்யலாம், வேறு வழியிலும் செய்யலாம். இங்கிலாந்தில் இன்றும் நடைமுறையில் இருப்பது இதுவே. அங்கே வீட்டுக் கல்வி பெற்றோரின் கடமையை நிறைவேற்றும் ஒரு வழி. ஜெர்மனி இதற்கு நேர் எதிர்: அங்கே பள்ளிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வீட்டில் கற்பிக்க அனுமதி கேட்டுப் போராடிய ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. ஆக, உலகத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது.

பிரிட்டிஷ் இந்தியாவில் கல்வியைக் கட்டாயமாக்கும் முதல் பெரிய முயற்சி காங்கிரஸ் தலைவர் கோகலேயுடையது. 1911 மார்ச்சில் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா, இங்கிலாந்து, அயர்லாந்துச் சட்டங்களைப் பார்த்து எழுதப்பட்டது. மறு ஆண்டு 13 பேர் ஆதரிக்க, 38 பேர் எதிர்க்க, அது தோற்றது. 1920ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம், விரும்பும் உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்று இடம் கொடுத்தது. அரசமைப்புச் சட்டம் 45ஆம் உறுப்பில், பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க அரசு முயல வேண்டும் என்றது. கட்டாயம் யார்மீது, பெற்றோர் மறுத்தால் என்ன என்பதையெல்லாம் அது தொடவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் கற்பது விசித்திரமும் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் வீடுகளில் பெண்பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஓதக் கற்றார்கள், உருது படித்தார்கள். வாணியம்பாடியில் 1919இல் எழுந்த இஸ்லாமியா கல்லூரி அதே வணிகச் சமூகத்தின் கொடை. வீட்டுப் படிப்பும் கல்லூரியும் ஒரே தெருவில் இருந்த காலம் அது.

வீட்டில் கற்பது பற்றித் தமிழ்நாட்டின் மனத்தை மாற்றியது 1953. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. காலையில் ஒரு கூட்டம் வரும், மதியம் இன்னொரு கூட்டம் வரும். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். அரசு சொன்ன நியாயங்களை இன்று படித்தாலும் எல்லாவற்றையும் உதறித்தள்ள முடியாது. கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. இருக்கிற பள்ளியிலேயே இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்க இது ஒரு வழி. புத்தகத்தோடு கைவேலையும் பழக வேண்டும் என்பது காந்தியின் ஆதாரக் கல்வியிலும் இருந்த எண்ணம்தான். வீட்டுக் கல்வியை ஆதரிக்கிற இன்றைய பெற்றோர் பலர் சொல்வதும் ஏறத்தாழ இதையே: பள்ளி நேரம் குறையட்டும், வாழ்க்கையிலிருந்து பிள்ளை கற்கட்டும்.

ஆனால் எந்த வீடு, எந்த வாழ்க்கை? ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவர் என்றால், மகன் மதியத்துக்கு மேல் கற்க வேண்டிய தொழில் எது? செருப்புத் தைப்பவர் மகனுக்கு ஊசி, சலவைத் தொழிலாளி மகனுக்கு ஆற்றுத்துறை, எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வீட்டிலும் புத்தகம். தொழில் சாதியோடு ஒட்டிப் பிறக்கும் நாட்டில், வீட்டைப் பாதிப் பள்ளியாக்கினால் சாதிதான் பாதி வாத்தியார் ஆகும். எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியார் இதை ஒழித்தே தீருவது என்று நின்றார். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டம். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்து, மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார்.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர்; முதல்வராகத் தொடர ஒரு சட்டமன்றத் தொகுதி வேண்டும். இடைத்தேர்தலில் அவர் நின்றது குடியாத்தத்தில். பீடியும் தீப்பெட்டியும் கைத்தறி லுங்கியும் வீட்டுக்கு வீடு நடந்த ஊர். பெரியார் அவரை ஆதரித்தார், தி.மு.க.வும் ஆதரித்தது. குலக்கல்வியை எடுத்தவர் என்ற பெயரோடு வந்த காமராசரைக் குடியாத்தம் ஜெயிக்கவைத்தது. வீட்டுக் கல்வியின் சட்டக் கதையை எழுதுகிற யாரும் இந்த இடைத்தேர்தலைக் குறிப்பிட்டு நான் படித்ததில்லை. என் கணக்கில் அதுவே இந்தக் கதையின் திருப்பம். பெற்றோரின் விருப்பத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் இடையே அரசு யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் தமிழ்நாடு அந்த ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தது. பிறகு மதிய உணவு, ஊர்தோறும் பள்ளி என்று எல்லாம் அந்த முடிவின் வழியிலேயே நடந்தன. பிள்ளையைப் பள்ளியில் போடாத வீட்டைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கமும் அப்போதே நமக்குள் ஊறிவிட்டது.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பீடித் தொழிலில் குடும்பம் முன்பணம் வாங்கிவிட்டுப் பிள்ளையை வேலைக்கு விடுவது வட ஆற்காட்டில் பல காலம் நடந்தது; ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பகுதியின் அடமானப் பிள்ளைகள் இடம்பெற்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 10இல், சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் வேலூர் மாவட்டத்திலும் நடந்தன. தொழிற்சாலைக் கூடங்களிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கூடவே வேலையும் வெளியே வந்து வீடுகளுக்குள் போயிற்று.

அந்த வேலையை இப்போதும் ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் காணலாம். ஷூவின் மேல்பாகமான அப்பரை ஊசி நூலால் கையால் தைக்கும் வேலை. கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆள் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் நடுவில் உட்கார்ந்து தைப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஷூ ஐரோப்பாவில் என்ன விலைக்குப் போகிறது என்பது தைத்தவருக்குத் தெரியாது. இவர்கள் தங்கள் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் கை வலிக்கத் தைக்கிறார்கள். பிள்ளைகளும் பெரும்பாலும் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் கூலி ஜோடிக் கணக்கில் வரும்போது, வீட்டில் சும்மா இருக்கும் ஒரு ஜோடிக் கை கண்ணில் படாமல் போகாது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் முழுத் தடை விதித்தது. அப்போதும் வீட்டுக்கு விலக்கு இருந்தது: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். முன்பு இல்லாத ஒரு நிபந்தனை இதில் சேர்ந்தது. பள்ளி நேரம் என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு இருந்தாக வேண்டும்.

இந்த வரலாற்றின் நடுவில்தான் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரையான கல்வியை வாழும் உரிமையோடு சேர்த்தது. 2002இல் அரசமைப்புச் சட்டத்தில் 21ஏ உறுப்பு சேர்ந்தது. பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் ஒரு வரி சேர்ந்தது. அந்த வரி, பிள்ளைக்குக் கல்வி வாய்ப்புத் தர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தைப் போல வேறு வழிக்கும் அதில் இடம் இருப்பதாக வாதாடலாம். 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அப்படி விடவில்லை. 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அக்கம்பக்கப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் ஒவ்வொருவரின் கடமை. இங்கே கடமை, பள்ளியில் சேர்ப்பது. மீறிய பெற்றோருக்குத் தண்டனை என்ன என்று சட்டம் சொல்லவில்லை. கூலிக்காரக் குடும்பத்துக்கு அபராதம் போட்டு என்ன காணப்போகிறோம் என்று நினைத்திருந்தால் அது சரியான நினைப்பு. ஏழைப் பெற்றோரைத் துன்புறுத்தாமல் விட்ட அந்த இடைவெளியில்தான் இன்று வீட்டுக் கல்விக் குடும்பங்கள் நிற்கின்றன.

2012இல் அந்த இடைவெளியில் சில மாதங்களுக்குள் மூன்று சம்பவங்கள் நடந்தன. ஏப்ரலில், தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் மையம் பிள்ளையே, நிறுவனம் அல்ல என்றது. ஜூலையில், வீட்டில் படித்துவந்த ஒரு மாணவி தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் மத்திய அரசு ஒரு வாக்குமூலம் தாக்கல் செய்தது: தாமாக விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம், சட்டம் குறுக்கே வராது. நாட்டில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் கொண்டாடிய செய்தி அது. கொண்டாட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. அரசு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது. 10ஆம் பிரிவு சொன்னபடியே இருக்கிறது. பெற்றோரின் உரிமையாக வீட்டுக் கல்வி இந்தியாவில் பிறக்கப் பார்த்ததும், பிறக்காமல் போனதும் அந்த ஒரே ஆண்டில்.

மூன்றாவது சம்பவத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், கடும் குறைபாடும் பலவகைக் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் விருப்பத்தை உரிமையாகக் கொடுத்தது. சட்டம் வீட்டுக் கல்வியைத் தன் வாயால் ஏற்றுக்கொண்ட இடம் இதுதான், அதுவும் பிள்ளையின் உரிமையாக. இதன்படி தமிழ்நாட்டில் படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளையின் பெயரும் பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருகிறார். இயன்முறைப் பயிற்சி தருபவர் வருகிறார். எல்லா இடத்திலும் இது நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிறப்பாசிரியர்கள் போதாது, கிராமத்துக்குப் பேருந்து இல்லாத நாளில் அவர்கள் வர முடியாது. ஆனால் அமைப்பு என்ற அளவில் இதில் எல்லாம் இருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கலாம். பெயர் பள்ளியில் இருக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளையைக் கண்ணால் பார்ப்பார்.

மற்ற வீட்டுக் கல்விப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றில் முதலாவது மட்டுமே வாய்த்திருக்கிறது. தேர்வு எழுத வழி உண்டு: தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் இருக்கின்றன; தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது ஆனால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அதுவரை அந்தப் பிள்ளை அரசின் எந்தக் கணக்கிலும் படிக்கிற பிள்ளை அல்ல. ஆசிரியர்கள் வீடுவீடாகப் போய் எடுக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில், வேலூரில் வீட்டில் உட்கார்ந்து வானியல் படிக்கும் பிள்ளைக்கும் குடியாத்தத்தில் வீட்டில் உட்கார்ந்து பீடி முனை மடிக்கும் பிள்ளைக்கும் ஒரே தலைப்பு. முதல் பிள்ளையின் பெற்றோருக்கு அது அவமானமாகப் படுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இரண்டாவது பிள்ளை. முதல் வீட்டுக்கு ‘இது எங்கள் உரிமை, உள்ளே வராதீர்கள்’ என்று கதவைச் சாத்த அனுமதி கொடுத்தால், அதே வாசகத்தை இரண்டாவது வீட்டின் முன்பணக்காரன் எடுத்துக்கொள்வான். 1986இன் விலக்கு எப்படிப் பயன்பட்டது என்று பார்த்த மண்ணில் இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

இங்கிலாந்தும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 1870இலிருந்து வீட்டுக் கல்வியை ஏற்றுவரும் நாடு, 2024 டிசம்பரில் கொண்டுவந்த மசோதாவில், பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கென உள்ளாட்சிகள் பதிவேடு வைக்க வேண்டும் என்று சேர்த்தது.

வீட்டில் படிக்கவைக்கிற குடும்பங்களுக்கு நான் எதிரி அல்ல. பள்ளியில் நொறுங்கிப்போன ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துத் தேற்றி, இரண்டே வருடத்தில் சிரிக்கவும் படிக்கவும் வைத்த தாய்மாரின் உழைப்பு மிகப் பெரியது. அவர்கள் சட்டத்தின் ஓட்டையில் ஒளிந்து வாழ வேண்டியதில்லை. அவர்களுக்கு வெளிச்சமான இடம் வேண்டும். அதைப் பெற்றோர் தமக்கான உரிமையாகக் கேட்டால் 1953இன் நினைவு உள்ள எவரும் தயங்குவார்கள். மாற்றுத்திறன் பிள்ளைக்குக் கிடைத்த வடிவத்தில், பிள்ளையின் உரிமையாக அது வர வேண்டும்: பெயர் அக்கம்பக்க அரசுப் பள்ளியில் இருக்கட்டும், ஆண்டுக்கு இரண்டு தடவை ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு தனியாகப் பேசட்டும், பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அன்றே இடம் கிடைக்கட்டும். ஆசிரியர் வீட்டுக்கு வருவதைச் சில பெற்றோர் தலையீடு என்பார்கள். குடியாத்தத்துச் சந்துகளில் அந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு கோடையிலும் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார்கள். ஏழை வீட்டுக்குத் தலையீடாகப் படாதது மற்ற வீட்டுக்கு மட்டும் ஏன் தலையீடு ஆக வேண்டும்?

2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, கொரோனாவில் பள்ளி மூடிய இழப்பை ஈடுகட்டத் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக மாலை வேளையில் தமிழ்நாட்டு அரசே அனுப்பியது. வீட்டுப் பக்கம் கல்வியைக் கொண்டுபோக ஆள் திரட்டத் தெரிந்த துறைக்கு, கணக்கெடுப்புப் படிவத்தில் ‘வீட்டில் கற்கிறது’ என்று ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய காரியம் அல்ல. அதற்குப் பள்ளிக்கல்வித் துறையின் ஓர் ஆணை போதும். 10ஆம் பிரிவைத் திருத்தத்தான் தில்லிக்குப் போக வேண்டும்.